விக்டர் போட்ட ஃபவுண்டேஷன்

காலித் தொட்டிக்குள் லுங்கியோடு உட்கார்ந்திருந்த விக்டர் இடதுபக்கம் சாய்ந்தார். டப் லேசாக ஆடியது. வலதுபக்கம் சாய்ந்தார். அதுவும் மரியாதையாகக் கூடவே வந்தது.

"ஆடுது ஸ்டெல்லா!"

"குளிக்கிற தொட்டிதானே, கொஞ்சம் ஆடிட்டுத்தான் போவட்டுமே," என்றாள் அவர் மனைவி ஸ்டெல்லாமேரி, இடுப்பில் கையை ஊன்றியபடி.

அவளுக்குத் தீராத இடுப்புவலி. வெந்நீரில் உட்கார்ந்தால் கேட்கும் என்று, பிரான்சில் துலூஸ் நகரத்தில் இருக்கும் அவள் அண்ணன் பெர்னார் அனுப்பிவைத்த டப் அது. வண்டிக்காரர்கள் அன்று காலையில்தான் புதுச்சேரி சாரம் பகுதியில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, பைப்பை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

கொஞ்சம் ஆடிட்டுப் போவட்டுமா! சேதராப்பட்டு கம்பெனியில் இருபத்தாறு வருஷமாக மெஷின்களைத் தரையில் உட்காரவைக்கிற ஃபிட்டராக்கும் அவர். அவர் கை வைத்து ஆடியது இதுவரைக்கும் ஒரே ஒரு நாற்காலிதான். கல்யாணமான புதுசில் அவர் ஆணியடித்துச் சரிசெய்த நாற்காலி. அதில் உட்கார்ந்த பெர்னார், சூப்புக் கிண்ணத்தோடு மல்லாந்தார். அன்றையிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் இந்த வீட்டில் எதில் உட்கார்ந்தாலும் ஒருதரம் தட்டிப்பார்த்து, "மாப்ளே கைவச்சதா?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். சொந்தபந்தமெல்லாம் சிரிக்கும். விக்டருக்கு வயிறு எரியும்.

அந்த பெர்னார் பத்து நாளில் வருகிறார்.

"அண்ணனுக்கே ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்."

"எதுக்கு? இன்னும் முப்பது வருஷத்துக்கு இதையும் சேத்துச் சொல்றதுக்கா? நீ சும்மா இரு. ஃபிட்டரு நானா, உங்கண்ணனா?"

டப்போடு அதைப் பற்றிய விவரமெல்லாம் போட்டுத் தடிமனாக ஒரு பிரெஞ்சுப் புத்தகம் வந்திருந்தது. அதை ரெண்டாக மடித்து ஒரு மூலையில் சொருகினார். ஆட்டம் நிற்கவில்லை. புத்தகம்தான் ஊறி உப்பி, டப்பை ஒருபக்கம் தூக்கிவிட்டது. தண்ணீர் ஓட்டைப்பக்கம் போகமாட்டேன் என்றது.

புத்தகத்தைப் பிய்த்தெடுத்துப் போட்டுவிட்டு, நாலு மூலைக்கும் இரும்புத் தகடு வெட்டி வைத்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார், நூல் பிசகவில்லை. ஏறி உட்கார்ந்தார். ஆடியது.

"இருடி, உன்னை போல்ட் போட்டு இறுக்குறேன்," என்று டப்பையே திட்டிக்கொண்டு தரையில் டிரில்லை வைத்தார். தரைக்கடியில் பைப் ஓடுவதை மனுஷன் மறந்தே போனார். தண்ணீர் பீய்ச்சியடித்து ஹால்வரைக்கும் வந்தது. ஸ்டெல்லாமேரி கட்டிலில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு ஜெபமாலையை எடுத்துவிட்டாள்.

பிளம்பர் வந்து பைப்பை மாற்றினார். அவருக்குப் பின்னாலேயே கொத்தனார் அருள்முருகன் வந்தார்.

"அடிப்பாகம் மொத்தமும் கான்கிரீட்டுக்குள்ள போவணும். கம்பி கட்டிப் போடு," என்றார் விக்டர்.

"கம்பியா? சார், இது குளிக்கிறதுக்குத்தானே? இல்ல, சிலை கிலை வெக்கிறீங்களா?"

"சொன்னதைச் செய்யி."

செய்தார். புதுப் பைப் தரைக்கு மேலாகப் போனதால் டப் இடுப்புயரத்துக்கு ஏறிவிட்டது. ஏற மூணு படி கட்டினார்கள். படி கட்டியதும் பாத்ரூம் கதவு திறக்கவில்லை. கதவைக் கழற்றித் திரை தொங்கவிட்டார்கள்.

"கோயில் பீடமாட்டம் இருக்குங்க. இந்த இடுப்ப வச்சுகிட்டு நான் எப்படி ஏறுவேன்?"

"அதை விடு. ஆடுதா பாரு!"

ஆடவில்லை. விக்டர் உள்ளே நின்று குதித்தே பார்த்தார். கல்லு! சந்தோஷத்தில் அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

பெர்னாரும் அவர் மனைவி ஃபானியும் வந்து சேர்ந்தார்கள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல், "டப்பு எப்படி மாப்ளே?" என்றார் பெர்னார்.

"நீங்களே ஏறிப் பாருங்க மச்சான்."

பெர்னார் படியேறினார். வழக்கம்போலத் தட்டிப்பார்த்தார். பேண்ட் சட்டையோடு உள்ளே உட்கார்ந்தார். தொண்ணூற்றைந்து கிலோ உடம்பு. இடதுபக்கம் சாய்ந்தார், வலதுபக்கம் சாய்ந்தார். முகம் சிவக்க உலுக்கினார். ம்ஹூம்.

"யானை குளிச்சாலும் அசையாது! முப்பது வருஷமா நாற்காலி நாற்காலின்னீங்களே மச்சான், இப்ப சொல்லுங்க!"

பெர்னார் உலுக்குவதை நிறுத்தினார். விக்டரையும் ஸ்டெல்லாமேரியையும் மாறிமாறிப் பார்த்தார். ஜெயிச்சாச்சு என்று விக்டர் மீசையைத் தடவிக்கொண்டார்.

திரையை விலக்கி எட்டிப்பார்த்த ஃபானிதான் வாயைத் திறந்தாள்: "என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? நம்ம ஸ்டெல்லா இடுப்புக்கு இதமா இருக்கும்னு, உக்காந்தா லேசா ஆடுற டப்புதான் வேணும்னு ஊரெல்லாம் தேடி வாங்குனாரே இவரு!"