பாயசத்துக்கு எட்டு பாட்டரி

1986 பிப்ரவரி 10, திங்கட்கிழமை. வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்தேன். வாசல் குழாயில் தண்ணீர் பிடித்தேன், சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன், முகம் மழித்தேன். பள்ளி அலுவலகத்துக்கு அன்று விடுப்பு எழுதிக் கொடுத்திருந்ததால் வேட்டிக்கு நிதானமாக இஸ்திரி போட முடிந்தது. பென்னாகரத்தில் எங்கள் தலைமையாசிரியரின் மகளுக்குக் கல்யாணம். புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிடும்; பிறகு ஈஸ்டர்வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அதற்குள் மேளத்தை முடித்தாக வேண்டும்.

அன்றுதான் பாட்டரி டீச்சர் தம் காரை முதன்முதலாக வெளியூருக்கு ஓட்டினார். ஒரு டம்ளர் பாயசத்துக்காகக் கார் வாங்கியவர் தருமபுரி மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான்.

எங்கள் பள்ளியின் கணக்கு டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் எதிர்வீட்டில் அண்ணன் அந்தோணியின் குடும்பத்தோடு இருந்தார். எங்கே போவதானாலும் அண்ணனுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டுதான். அண்ணனுக்கோ, பந்தியில் ரசம் ஊற்றியதும் இருப்புக் கொள்ளாது.

"கெளம்பு கெளம்பு, ரோட்டுல லாரி ஜாஸ்தியாயிடும்" என்பார். டீச்சர் இலையை மடிப்பார். பாயசம் ரசத்துக்குப் பிறகு வரும். ஃபோட்டோ அதற்கும் பிறகு. எனவே நாற்பத்தைந்து வயதுவரை டீச்சர் எந்தக் கல்யாணத்திலும் பாயசத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. சொந்தத் தங்கையின் கல்யாண ஆல்பத்திலேயே அவர் இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் ஒருவர் தொழிற்சாலைகளுக்குச் சாமான் இழுக்கும் பாட்டரி வண்டிகள் செய்துவந்தார். அவர் ஒரு பழைய காரின் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு மோட்டார் வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் டீச்சர் பஸ் ஏறிவிட்டார். காவலுக்கு அண்ணன். சாட்சிக்கு நான். பென்னாகரம் கல்யாணத்துக்குப் போகத்தான் வண்டி என்று டீச்சர் போனதுமே சொல்லிவிட்டார்.

"அக்காவ்ரே, நாலு பாட்டரி போதுமா, எட்டு பேக்கா?" என்று வேணுமா என்பதைக் கன்னடத்தில் கேட்டார் ஓசூர்க்காரர்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"நாலு போட்டா பென்னாகரம் போவும். திரும்பி வர்றது சாமி விட்ட வழி. எட்டு போட்டா போயிட்டு வூட்டுக்கே வந்துரும். ஆனா டிக்கியில நாலுதான் புடிக்கும். மிச்ச நாலுக்குப் பின்சீட்டு, பக்கத்துச் சீட்டு எல்லாத்தையும் கழட்டிரணும்."

அண்ணன் முந்திக்கொண்டார். "நாலே போதும்ப்பா. ஸ்கூலு, கோயிலு, வூடு. பொம்பளைக்கு அதுக்கு மேல எங்க போக்கு?"

டீச்சர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எட்டு போடுங்க."

"ஏம்மா, அப்ப நான் எங்க உக்கார்றது?"

"அதாண்ணா எட்டுல விசேஷம்."

ஓசூர்க்காரர் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்.

வண்டி எங்கள் தெருவுக்கு வந்தது. சத்தமே போடாத வண்டி என்பதால் ஆடுகள் விலகவில்லை, மனிதர்களும் விலகவில்லை. டீச்சர் முன்னால் ஒரு மணியைக் கட்டினார். ஐஸ்காரர் வந்துவிட்டார் என்று குழந்தைகள் ஓடிவந்து ஏமாந்தன. ஏற்றத்தில் மாட்டுவண்டி முந்தும். "போவட்டும், அதுக்கு என்ன அவசரமோ" என்பார் டீச்சர். சார்ஜ் போட்டால் அக்கம்பக்கத்து பல்புகள் எல்லாம் மங்கும். "டீச்சர் வண்டி பால் குடிக்குது" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

கல்யாணத்தன்று டீச்சர் மணியடித்தபடி பென்னாகரம் வந்து சேர்ந்தார். பந்தியில் ரசம் வந்தது. அண்ணன் எழுந்தார்.

"கெளம்பு."

"நீ போண்ணா."

பந்தியே நிமிர்ந்து பார்த்தது. டீச்சர் இலையை மடிக்கவில்லை. பாயசம் வந்தது. குடித்தார். மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்றாவது டம்ளரோடு மணமேடை ஏறி, மாப்பிள்ளை பெண்ணுக்கு நடுவில் நின்றுகொண்டார்.

"டீச்சர், டம்ளரைக் கீழ வெச்சிருங்க" என்றார் ஃபோட்டோக்காரர்.

"இதுவும் படத்துல வரணுங்க. இல்லாட்டி யாரும் நம்பமாட்டாங்க."

நான் பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டேன். பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் மணி கேட்டது. கார் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து வந்து, டீச்சர் வீட்டு வாசலில் மூச்சை விட்டு நின்றது. தெரு கைதட்டியது.

அண்ணன் கைதட்டவில்லை. உள்ளே போய், வாசல் பிளக்கின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி வந்து எல்லோருக்கும் காட்டினார். "என் வூட்டு கரண்டு இனிமே இந்த வண்டிக்கு இல்ல. நாளையிலருந்து பழையபடி ஸ்கூட்டர்தான்."

டீச்சர் கெஞ்சவில்லை. கார்க் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நிக்கட்டும்ணா. நாளைக்கு நடந்து போறேன். நாளான்னைக்கும் நடப்பேன். பின்சீட்டுல மட்டும் ஏறமாட்டேன்."

மறுநாள் காலை, கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் முன்பே, முதல் வேலையாக என் வீட்டு பிளக்கிலிருந்து வேப்பமரக் கிளை வழியாகத் தெருவைத் தாண்டி ஒரு வயரை இழுத்து, டீச்சர் காரின் வெளிப்பக்கச் சாக்கெட்டில் செருகினேன். வண்டி பால் குடிக்கத் தொடங்கியது. மங்கிப்போன பல்புக்குக் கீழே முகம் மழிக்க உட்கார்ந்து இரண்டு இடத்தில் கீறிக்கொண்டேன். வயரைப் பிடுங்கத் தோன்றவில்லை.