அத்தானை அறுத்துப் போட்டது பற்றி

மதிப்பும் அன்பும் மிக்க அத்தான் அவர்களுக்கு,

தங்கள் கொழுந்தியாள், வாய் திறக்காமல் ஓசைப்படாமல் நடப்பதால் வீட்டில் பூனை என்று பெயர் வாங்கியவள், பணிவுடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் உடம்பளவில் நலம். அங்கே நீங்களும் அக்காவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் ஆசை. ஆனால் இப்போது நான் உங்கள் நலத்தைக் கேட்டால் அதற்கும் வேறு அர்த்தம் வந்துவிடுமோ என்று பயமாக இருப்பதால் கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்ளவும்.

உங்கள் கல்யாணம் முடிந்த இந்த இரண்டு வருடத்தில் நான் உங்களிடம் பேசியது மொத்தம் நான்கு வார்த்தை. வாங்க, இருங்க, இல்ல, சரி. ஆகவே இவ்வளவு நீளக் கடிதத்தைப் பார்த்ததும் வேறு யாரோ எழுதிக் கொடுத்தது என்று நினைக்க வேண்டாம். எனக்கு வாயில்தான் பூட்டு, கையில் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் எழுந்து பதில் சொல்லச் சொன்னார். பதில் தெரியும். எழுந்தேன். மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். மறுநாள் காய்ச்சல், அதற்கு மறுநாளும் காய்ச்சல், அப்படியே பள்ளிக்கூடம் நின்றுபோனது. அந்தக் காய்ச்சல் இரண்டு வருடமாக நீடிக்கிறது என்று அப்பா சொல்வார்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மா அக்காவுக்குப் போன் போட்டு என் நோட்டை வாசித்துக் காட்டியதையும், அக்கா அதை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கேட்டதையும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததையும், பாதிச் சாப்பாட்டில் கை கழுவியதையும் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து அப்பா போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. அம்மா வாசித்தது எல்லாம் நான் எழுதியதுதான். ஒரு எழுத்துகூட அம்மா சேர்க்கவில்லை. ஆனால் அத்தான், அது மேசையைப் பற்றி எழுதியது.

உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் உங்கள் ஊர்ப் பட்டறைக்காரம்மாவிடம் என்னை வேலை பழகச் சேர்த்துக்கொள்ளும்படி பேசினீர்கள். பள்ளிக்கூடச் சான்றிதழ் எதுவும் வேண்டாம், தானே செய்த பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அது எப்படி நிற்கிறது என்று தன் வாயால் சொன்னால் போதும், கூட வருகிறவர் குறுக்கே பேசக்கூடாது என்று அந்த அம்மா சொன்னதாகச் சொன்னீர்கள். செய்வதற்கு நான் பயப்படவில்லை. சொல்வதற்குப் பயந்தேன். பார்த்தவுடனே ஆள் வாயைப் பிளக்கிற மாதிரி ஒன்றைச் செய்துவிட்டால், அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள், நான் பேச வேண்டியிருக்காது என்று கணக்குப் போட்டேன். அதனால்தான் கால் இல்லாத மேசை.

அப்பா கிரில் கேட் செய்து மிச்சம் வைத்த சதுரப் பைப்பில் இரண்டு முக்கோணச் சட்டம் செய்தேன். கீழ்ச் சட்டத்திலிருந்து ஒரு கை மேலே நீளும். மேல் சட்டத்திலிருந்து ஒரு கை கீழே இறங்கும். இறங்குகிற கை, நீளுகிற கையைத் தாண்டி அதற்கும் கீழே வரும், ஆனால் இரண்டும் தொடாது. இந்த இரண்டு கை நுனிகளையும் நடுவில் ஒரு சாண் கம்பி பிடித்துக்கொள்ளும். அதாவது மேல் சட்டத்தில் பொருத்திய பலகை அந்தக் கம்பியில் தொங்குகிறது. தொங்குகிறது, ஆனால் நிற்கிற மாதிரி தெரியும். தொங்குவது சாயும் அல்லவா, அதற்காக மூன்று மூலையிலும் மேலுக்கும் கீழுக்கும் மூன்று நீளக் கம்பி. அவை பலகையைத் தாங்கவில்லை, சாயாமல் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. கம்பிக்குத் தள்ளத் தெரியாது அத்தான், இழுக்க மட்டும்தான் தெரியும். அப்படி எல்லாம் இழுத்துக்கொண்டிருப்பதால்தான் அது நிற்கிறது. இதை யோசித்துக்கொண்டே ஒரு நாள் முழுக்கச் சாப்பிட மறந்தேன். அப்பா மட்டும் சட்டத்தைப் பார்த்துவிட்டு, "மேசைன்னா நாலு மூல வேணாமாடி? ஒண்ண எலி தின்னுடுச்சா?" என்றார். நான்கு மூலை வைத்தால் நான்காவது கம்பி எப்போதும் தொய்ந்து சும்மா நிற்கும் என்று சொல்ல நினைத்தேன்.

கம்பிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுத்தான் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். என் கையெழுத்தில் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருக்கும், ஏழு என்பது நான் குறடால் முறுக்கிய சுற்றின் கணக்கா, ஒன்றாம் கம்பியா என்று எனக்கே குழம்பியது. அதனால் பெயர் வைத்தேன். மூலைக்கு ஒருவராக அப்பா, அம்மா, அக்கா. நடுக் கம்பியைக் கடைசியாகக் கட்டினேன், நீங்களும் எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்தவர், ஆகவே அத்தான். இதற்குமேல் இதில் உள்ளர்த்தம் எதுவும் கிடையாது. சத்தியம்.

இனி ஒவ்வொரு வரியாக விளக்கம் தருகிறேன். "அம்மாவுக்கு டென்ஷன் போதாது, இன்னும் ஏற்ற வேண்டும்" என்று எழுதியது அம்மா மூலைக் கம்பி தொய்வாக இருந்ததால். பிரஷர் மாத்திரை விழுங்கிவிட்டு அந்த வரியைப் படித்த அம்மா, "டாக்டர் தலதலயா அடிச்சுக்கிறாரு டென்ஷனே ஆகக்கூடாதுன்னு, இவ ஏத்தணுமாம்ல!" என்று இரண்டாவது மாத்திரையும் போட்டுக்கொண்டார். "அப்பாவை இறுக்கினால் அம்மா தூக்கிக்கொள்கிறாள்" என்பது அப்பா மூலையைத் திருகினால் அந்தப் பக்கம் இறங்கி அம்மா பக்கம் உயர்ந்தது பற்றி. இந்த வரியை மட்டும் அப்பா, "இதுல என்ன தப்பு? சரியாத்தானே எழுதியிருக்கா" என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார். "அப்பாவும் அம்மாவும் ஒரே சுருதியில் இல்லை" என்று எழுதியது, கம்பியை விரலால் சுண்டிப் பார்ப்பேன், மூன்றும் ஒரே சத்தம் தந்தால் மூன்றும் ஒரே அளவு இறுக்கம், அதற்காக. "அக்காவைத் தளர்த்தினால்தான் எல்லாம் நேராகும்" என்பதற்கு அக்கா அழுதாளாம். அரைச் சுற்றுதான் அத்தான் தளர்த்தினேன். அக்காவிடம் சொல்லவும்.

இப்போது உங்களைப் பற்றிய வரிகள்.

நான் வேலை பார்க்கும் சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட பெட்டியிலிருந்து ஒரு பழைய பிரேக் கம்பியை எடுத்து நடுவில் கட்டியிருந்தேன். வெளியே பளபளவென்று இருந்தது. மேசை நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "பாக்க நல்லாத்தான் இருக்கு, பாரம் தாங்குமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு சிமென்ட் மூட்டையை என்னையும் ஒரு முனை பிடிக்கச் சொல்லித் தூக்கி மேலே வைத்தார். தாங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று அப்பா எண்ணினார். ஆறு எண்ணியபோது "டப்" என்றது. பலகை முட்டி மடங்கிய ஆள் மாதிரி அப்படியே உட்கார, மூட்டை பிளந்து, அப்பா தலை முதல் கால் வரை சாம்பல் நிறத்தில் நின்றார். அந்த நேரம் பார்த்துக் கேட் விஷயமாக வந்த ஒருவர் அப்பாவை உற்றுப் பார்த்து, "ப்ரைமர் அடிச்சாச்சா? எப்ப பெயின்ட்டு?" என்று கேட்டார். அறுந்த கம்பியைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே முழுக்கத் துரு. அன்று நான் அழுதுகொண்டே எழுதியதைத்தான் அம்மா உங்களுக்கு ஏற்ற இறக்கத்தோடு வாசித்திருக்கிறார்: "அத்தான் மட்டமான சரக்கு. வெளியேதான் மினுக்கு, உள்ளே துரு. கனம் தாங்கவில்லை. அறுத்துப் போட்டுவிட்டேன். நாளைக்குப் புது அத்தான் பார்க்க வேண்டும். கடைக்காரர் இரண்டு எடுத்து வைத்திருக்கிறார். மெல்லிசு வேண்டாம், தடியானதே நல்லது."

இதில் "தடியானது" என்றது உங்கள் உடம்பைக் குறித்தது அல்ல. அதை முன்னிட்டும் வருந்துகிறேன். "உன் தங்கச்சி உனக்கு வேற மாப்பிள பாக்குறாடி, அதுவும் ரெண்டு!" என்று அம்மா அக்காவிடம் கத்தியபோது நான் சமையலறை வாசலில்தான் நின்றேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாயைத் திறந்தேன். திறந்தபடியே இருந்தது. அம்மா அதைப் பார்த்து, "பாரு, வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிறா, கேட்டா பதில் இல்ல" என்று அதையும் அக்காவுக்கு ஒலிபரப்பினார்.

மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசுகிறவரை மேசையும் வேண்டாம், பட்டறையும் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். மேசை இப்போது தார்ப்பாய்க்குள் இருக்கிறது. புதுக் கம்பி போட்டபின் இரண்டு சிமென்ட் மூட்டையை ஒரு பொழுது முழுக்கத் தாங்கியது. திங்கட்கிழமை பட்டறைக்காரம்மா வரச் சொன்ன நாள். சனிக்கிழமை வண்டியோடு வந்து என்னையும் மேசையையும் கூட்டிப் போவதாக நீங்கள் சொல்லியிருந்தீர்கள். இப்போது வருவீர்களா என்று தெரியவில்லை. வராவிட்டால் கோபம் இல்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுவதும் நல்ல வேலைதான், டியூப் கேள்வி கேட்காது. ஆனால் இந்த மேசைக்காக நான் முதல்முறையாக ஒரு இடத்துக்குப் போக ஆசைப்பட்டேன். அதைச் சொல்லாமல் விட்டால் நாளைக்கு எனக்கே தெரியாமல் போய்விடும் என்று எழுதுகிறேன்.

இனிமேல் இப்படி நடக்காது. நோட்டில் எல்லாப் பெயரையும் ரப்பர் தேயத் தேய அழித்து எண்கள் போட்டுவிட்டேன். நீங்கள் இனி நான்காம் எண். அப்பா ஒன்று, அம்மா இரண்டு, அக்கா மூன்று. யாரையும் யாரும் முறுக்க மாட்டார்கள். நடந்ததை மறந்து மன்னிக்கவும்.

அக்காவுக்கு என் அன்பு. உங்களுக்கு என் வணக்கம், நேரில் சொல்ல வராததால் இரண்டு மடங்காக. வீடும் வண்டியும் வேலையும் நலமாக ஓட எப்போதும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் கொழுந்தியாள்,
பூனை

பி.கு. இது சனிக்கிழமை எழுதுவது. மேலே உள்ள கடிதத்தை வியாழக்கிழமையே முடித்துவிட்டேன். தபால் ஆபீசில் ஸ்டாம்ப் கேட்க வேண்டும், கேட்க வாய் வேண்டும், அதனால் இரண்டு நாளாக நோட்டுக்குள்ளேயே இருந்தது. இன்று காலை நீங்களே வண்டியோடு வந்து நின்றீர்கள். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், "எங்க அந்தப் புது அத்தான்? ஆளு எப்படின்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று கேட்டீர்கள். சைக்கிள் கடைக்காரர் எடுத்து வைப்பது கம்பியாகத்தான் இருக்கும் என்று உங்களுக்கு நேற்றே பிடிபட்டுவிட்டதாம். அப்பா தார்ப்பாயை விலக்கினார். நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, மேசைமேல் ஏறி முழுப் பாரத்தோடு உட்கார்ந்தீர்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மேசை அசையவில்லை. "தடியனத் தடியன் தாங்குறான்" என்றீர்கள். அப்போதே இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது, ஆனாலும் உங்கள் சட்டைப் பையில் வைக்கிறேன், ஒரு திருத்தம் இருக்கிறது.

"நான்தான் பட்டறைக்காரம்மான்னு வெச்சுக்கோ, எப்படி நிக்குது சொல்லு பாப்போம்" என்று கேட்டீர்கள். நான் "ஒண்ணாம் நம்பர் கம்பி" என்று தொடங்கி, ஒன்றாம் எண்ணிலேயே ஒன்பதாம் வகுப்பு மாதிரி நின்றுவிட்டேன். நீங்கள் காத்திருந்துவிட்டு, "நம்பர் கெடக்குது, பேரச் சொல்லிச் சொல்லு" என்றீர்கள். அதன்பிறகு என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. "அப்பாவும் அம்மாவும் அக்காவும் ஆளுக்கொரு மூலையில கீழ இழுக்கிறாங்க, அதனாலதான் சாயல. ஆனா கனம் ஏறுச்சுன்னா அவங்க மூணு பேரும் கொஞ்சம் தளர்ந்துடுவாங்க. அப்ப மொத்தமும் அத்தான்தான்" என்று நான் சொன்னதாக அப்பா சொல்கிறார். கடைசியாகக் கட்டியதால்தான் உங்கள் பெயர் என்று மேலே சத்தியம் செய்திருக்கிறேனே, அது பொய். திருத்தம் அதுதான். அழித்த பெயர்களையும் திரும்ப எழுதிவிட்டேன். திங்கட்கிழமை அப்படியே சொல்லப் போகிறேன், ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன்.

நீங்கள் இறங்கி, ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் இருக்கோம். நீ எங்க இருக்க?" என்று கேட்டீர்கள்.

நான் கையில் இருந்த குறடைத் தூக்கிக் காட்டி, "நான் முறுக்குறவ" என்றேன்.

"அது எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்று சமையலறையிலிருந்து அம்மா சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும்.