சுலபமான தாள் வாங்கிய பிள்ளை

“அதிகமா சரியாப் போட்டவனுக்குக் கம்மி மார்க்கு. கம்மியாப் போட்டவளுக்கு அதிக மார்க்கு. உங்க மிஷினுக்கு மூளை கழண்டு போச்சா மாஸ்டர்?”

மூன்று வீடு தள்ளியும் கேட்கும்படி முழங்கியவர், எதிர்வீட்டு மாடியில் வசிக்கும் பெயிண்ட் கடை முதலாளி. உலகில் நியாயம் என்று ஏதாவது மிச்சமிருந்தால் அது அந்த மாடியில்தான் இருக்கிறது என்பதை எங்கள் தெரு என்றோ ஏகமனதாக ஒப்புக்கொண்டுவிட்டது. ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்குப் பால்கனியில் உலர்த்த வேண்டிய துணி நிறைய இருந்தது.

முதலாளிக்கு இரட்டைப் பிள்ளைகள். பெண் சில நிமிடங்கள் முந்திப் பிறந்தவள். ஆகவே அவள் ‘பெரியவள்’. வீட்டின் பொறுப்புகள் அவளைச் சேர்ந்தன. பையன் மீசை வைத்த பிறகும் ‘குழந்தை’. இருவரையும் வெளியூரில் படிக்க வைக்கக் கடை தாங்காது என்பதால் முதலாளி குடும்பப் பொதுக்குழுவைக் கூட்டினார். தீர்மானத்தை முன்மொழிபவர் அவர்; ஆமோதிப்பவர் அவர் மனைவி. நுழைவுத் தேர்வில் யாருக்கு அதிக மதிப்பெண்ணோ அவர் கல்லூரிக்கு, மற்றவர் கடைக்கு. ஆண், பெண் என்ற பேதமே பாராத இந்தத் தீர்மானத்தைக் கேட்டுத் தெருவே உருகியது. குழந்தைதான் ஜெயிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் உருகுவதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

தேர்வு முடிந்து பெரியவள் வெளுத்த முகத்தோடு வந்தாள். “முதல் பகுதி பரவாயில்லப்பா. ரெண்டாவதுல ஒவ்வொரு கேள்வியும் கழுத்தை நெரிச்சுது.”

குழந்தை விசிலடித்துக்கொண்டு வந்தது. “எனக்கு ரெண்டாவதுதான் அல்வா மாதிரி இருந்துச்சு. சின்னப் பசங்க கணக்கு. நேரம் மிச்சமாகிக் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்.”

முதலாளி அன்று மாலையே குழந்தைக்குச் சக்கரம் வைத்த பெட்டி வாங்கினார். பெரியவளுக்கும் குறை வைக்கவில்லை. கடைச் சாவியைக் கொடுத்தார்.

பிறகு முடிவு வந்தது. பயிற்சி மைய மாஸ்டரைக் கையோடு வரவழைத்ததும், நான் மேலே சொன்ன முழக்கம் எழுந்ததும் அதனால்தான்.

மாஸ்டர் பொறுமைசாலி. “சார், முதல் பகுதி எல்லாருக்கும் ஒரே மாதிரி. அதை நல்லாப் போட்டவங்களுக்குக் கம்ப்யூட்டர் ரெண்டாவதுல கஷ்டமான தாளைக் குடுக்கும். சுலபமான தாள்ல அத்தனையும் சரியாப் போட்டாலும் மார்க்கு ஒரு அளவுக்கு மேல ஏறாது. கஷ்டமான தாள்ல கொஞ்சம் விட்டாலும் மேல போயிடும்.”

“சுலபமான தாள் யாருக்கு வரும்?”

“முதல் பகுதியில தடுமாறினவங்களுக்கு.”

“என் பையன் தடுமாறலை. நிதானமாப் போட்டிருக்கான்.”

“கம்ப்யூட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது சார்.”

முதலாளி சற்று யோசித்தார். நியாய உணர்ச்சி அவருக்குள் வேறு வழியாகப் பொங்கியது. “அப்போ ஒழுங்காப் பண்ண பொண்ணுக்குத் தண்டனையா கஷ்டமான தாளைக் குடுத்திருக்கான். எவ்வளவு பெரிய கொடுமை? என் பொண்ணுக்காக நான் கேப்பேன். இந்த மார்க்கே செல்லாதுன்னு எழுதிப் போடறேன்.”

தன் மகளின் உரிமைக்காக மகளின் மதிப்பெண்ணையே பலி கொடுக்கத் துணிந்த தகப்பனை நான் வேறெங்கும் கண்டதில்லை. கையிலிருந்த தலையணை உறையை இரண்டாம் முறையாகப் பிழிந்தேன்.

அப்போதுதான் பெரியவள் பேசினாள். குரலே உயரவில்லை, நான் கம்பியில் சாய்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

“நம்ம வீட்டுல எப்பவும் அப்படித்தானேப்பா. பில்லை ஒழுங்காப் போட்டேன், வரிக் கணக்கைக் குடுத்தீங்க. அதையும் முடிச்சேன், சண்டை போட வர்ற கஸ்டமரையெல்லாம் என்கிட்ட அனுப்பினீங்க. இவன் ஒரு நாள் பாலைப் பொங்க விட்டான், இனிமே அடுப்புப் பக்கம் வராதடா கண்ணான்னுட்டீங்க. மிஷின் புதுசா ஒண்ணும் பண்ணலை. கஷ்டமானதைக் குடுத்துட்டு, அதுக்கு மார்க்கும் போட்டுச்சு. அவ்வளவுதான்.”

“அக்கா சொல்றது சரிதான்பா” என்றது குழந்தை. கடையில் ஏசி உண்டு என்பது அதற்குள் அதன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

முதலாளி ஆதரவு தேடி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் சக்கரப் பெட்டியைத் திறந்து, மகனின் சட்டைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னடி பண்றே?”

“நீங்க போட்ட தீர்மானந்தானே? அன்னிக்கே ஆமோதிச்சுட்டேன். அவ போறா.”

போனாள். படித்த ஊரிலேயே வேலை தேடிக்கொண்டு, கூட வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. தலைக்கனம் என்பது எங்கள் தெருவின் கருத்து.

குழந்தைக்கும் கல்யாணம் ஆயிற்று. வந்த மருமகள் முதல் வாரமே ஒரு பில்லில் தப்பு கண்டுபிடித்தாள். பில் புத்தகம் அவளிடம் போனது. அடுத்து வரிக் கணக்கு, சரக்கு லாரி, மாமனாரின் மாத்திரைகள். “எதைக் குடுத்தாலும் தாங்கறா” என்று முதலாளி பூரிக்கிறார். குழந்தை கல்லாவில் அமர்ந்து, எவர் என்ன கேட்டாலும் “உள்ள அவளைக் கேளுங்க” என்று தவறாமல் விடையளிக்கிறது.

சென்ற மாதம் தெருவின் சார்பில் முதலாளிக்கு ‘நியாயச் செம்மல்’ பட்டம் வழங்கினோம். மேடை, மைக், மாலை எல்லாவற்றையும் மருமகளே கவனித்துக்கொண்டாள். நாற்காலிகூட எங்கள் எல்லோருக்கும் அவளே எண்ணிப் போட்டாள். நாங்கள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கைதட்டினோம். அவள் கடைசிவரை நின்றுகொண்டிருந்தாள்.