ஆள் குறைக்கும் செவ்வாய்

மெர்ல் படியிறங்கி வருவது தெரிந்ததும் டாயில் க்ரான்ட்ஸ் பனிக்கட்டித் தொட்டிக்குள் கழுத்துவரை இறங்கிவிட்டான்.

ஆகஸ்ட் மாதக் கடைசிச் செவ்வாய். சாயங்காலம் நாலு மணிக்குள் அந்த அமெரிக்கக் கால்பந்து அணியில் ஐம்பத்து மூன்று பேர்தான் மிஞ்ச வேண்டும். கிழவர் மெர்ல் வந்து தோளைத் தொட்டு, "கோச் கூப்பிடறார், ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்க" என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். காலையிலிருந்து பதினாறு தோள்களைத் தொட்டிருந்தார்.

டாயில் குவார்ட்டர்பேக். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற வேலை. ஆனால் எங்கே போனாலும் இரண்டாவது ஆள். பதினோரு வருடத்தில் ஆறு அணி மாறியும் ஓர் ஆட்டத்தைக்கூட அவன் தொடங்கியதில்லை. தொப்பி போட்டுக்கொண்டு கோட்டோரம் நிற்பான். நிற்பதும் உழைப்புதான், கால் வலிக்கத்தான் செய்யும். இங்கேயும் கழற்றிவிட்டால் டெய்ட்டனில் மாமனாரின் மெத்தைக் கடைதான் கதி.

"டாயில் இருக்கானா?"

டாயில் தலையையும் முக்கினான். மெர்ல் சாவகாசமாகக் குனிந்து காலணி நாடாவைக் கட்டிவிட்டுப் போனார். மேலே வந்தபோது டாயிலின் உதடு நீலம், எறிகிற கை வெறும் கட்டை.

நடுங்கிக்கொண்டே, அணிக்குத் துணி துவைக்கும் வெர்னாவைத் தேடிச் சலவை அறைக்கு ஓடினான்.

"வெர்னாக்கா, என்னை எங்கயாவது ஒளிச்சு வைங்க!"

"முப்பத்தேழு வயசுல கண்ணாமூச்சியா?"

"நாலு மணிவரைக்கும்தான். மெர்லண்ணன் நேர்ல வந்து சொல்லாம யாரையும் அனுப்ப முடியாது."

"அப்படின்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதலை. எல்லாருக்கும் தெரியும்."

அழுக்குத் துண்டு வண்டிக்குள் அவன் குந்த, வெர்னா மேலே நாற்பது ஈரத் துண்டுகளை அள்ளிப் போட்டாள். கைப்பேசி அலறியது. கோச்! பயத்தில் அதைத் திறந்திருந்த இயந்திரத்துக்குள் வீசினான்.

"வெந்நீரா, பச்சைத் தண்ணியா?" என்று கேட்டாள் வெர்னா.

ஒலிபெருக்கி மூன்று முறை அவன் பெயரைக் கூப்பிட்டது. மெர்ல் உள்ளே வந்தார்.

"அந்தப் பயலைப் பார்த்தியா, வெர்னா?"

"ஆளாளுக்குத் தேடினா எனக்குத் துணி யாரு துவைப்பா? போங்கண்ணே."

நாலு ஐந்துக்கு டாயில் துண்டுக் குவியலிலிருந்து கோப்பை வென்றவனைப்போல எழுந்தான். முதுகு நிமிரவில்லை. நடைபாதையில் மெர்ல் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, மணி தாண்டிடுச்சு! இனி என்னை அனுப்ப முடியாது!"

"அனுப்பவா? முதல் ஆளுக்குக் காலையில முழங்கால் போச்சுப்பா. ஞாயித்துக்கிழமை ஆட்டத்தை நீதான் தொடங்கணும்னு சொல்லத்தான் கோச் நாள் பூரா உன்னைத் தேடச் சொன்னார்."

டாயிலுக்குக் கண் கலங்கிவிட்டது. "நானா? நானா தொடங்கறேன்?"

மெர்ல் நெற்றியைத் துடைத்தார். "ஆளையே காணோம்னு மூணே முக்காலுக்கு வெளியிலேருந்து ரெண்டு பேரைச் சேர்த்துட்டாங்க தம்பி. அவங்களுக்கு இடம் வேணுமேன்னு உன் பேரை அடிச்சாச்சு."