முறைக்கத் தெரியாத பெட்டி

ஒரு காட்டில் ஒரு குளமும், குளத்தை நம்பி ஒரு மீன்கொத்தியும், மீன்கொத்தியை நம்பி ஏராளமான விழாக்களும் இருந்தன.

மீன்கொத்தியின் பெயர் குமுதவல்லி. தொழில், பேனர் வரைவது. அந்தக் காட்டில் மானுக்குக் கொம்பு முளைத்தால் பேனர், பன்றி குட்டி போட்டால் பேனர், பாம்பு புதுப் புற்றுக்குக் குடிபோனால் பேனர். நடுவில் விழா நாயகரின் முகம் தர்பூசணி அளவில் இருக்கும். ஓரத்தில் உறவுக்காரர்களின் முகங்கள் நெல்லிக்காய் அளவில் வரிசை கட்டும். ஒரு நெல்லிக்காய் விட்டுப்போனால் அந்த வீட்டார் பந்தியில் கை நனைக்க மாட்டார்கள்.

காலையில் குளத்தில் பாய்ந்து இரண்டு மீன் பிடித்துச் சாப்பிடுவாள். பிறகு தேக்கிலைகளைத் தைத்து விரித்து, பழச்சாற்றில் இறகைத் தோய்த்து வரைய உட்காருவாள். வேலை சுத்தம். குணம்தான் கொஞ்சம் முன்னே பின்னே.

"அக்கா, மீசையை இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டா..." என்று யாராவது ஆரம்பித்தால் அவள் பதில் பேச மாட்டாள். இறகைக் கீழே வைப்பாள். தலையை மெதுவாகத் திருப்புவாள். ஒரு பார்வை பார்ப்பாள்.

"இல்லக்கா, இதுவே அம்சமாத்தான் இருக்கு" என்று வந்தவர் பேனரைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது நரி சாமிக்கண்ணு குளக்கரையில் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான்.

"செயற்கை அறிவு! வாயால சொன்னாப் போதும், படம் வந்து நிக்கும். இங்க இருக்கிறது வெறும் மூஞ்சி. மூளை மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு" என்றான்.

குளத்திலிருந்து மலைக்கு ஒரு குழாய் போவதைத் தவளை வடிவுதான் முதலில் பார்த்தாள். "இது எதுக்குங்க?"

"யோசிச்சா மூளை சூடாகும்ல? குளிர வைக்கணும். ஒரு படத்துக்கு ஒரு மடக்குதான்."

எறும்பின் மடக்கா, யானையின் மடக்கா என்று கேட்க வடிவு வாயைத் திறந்தாள். அதற்குள் நரி, "உனக்கு முதல் படம் இலவசம்" என்றான். கேள்வி மறந்துபோயிற்று.

பெட்டி தரும் படத்தைத் தேக்கிலையில் ஒட்டிக் கொடுக்கும் வேலை குமுதவல்லிக்குக் கிடைத்தது. அவள் வருத்தப்படவில்லை. முதுகு வலி குறைந்தது, மதியம் கண்ணயர நேரம் கிடைத்தது. நன்றாகத்தான் இருந்தது.

பெட்டி நன்றாக வரைந்தது உண்மை. ஆனால் காட்டை மயக்கியது படம் அல்ல, பெட்டியின் குணம்.

"மீசையைக் கொஞ்சம் முறுக்கலாமா?"

"நிச்சயமாக! அருமையான யோசனை!"

"வேணாம், பழையபடியே ஆக்கிடலாமா?"

"நிச்சயமாக! அதைவிட அருமையான யோசனை!"

காட்டு விலங்குகள் பிறந்ததிலிருந்து இப்படி ஒரு மரியாதையைக் கண்டதில்லை. புள்ளிமான் தன் புள்ளிகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பார்த்தது. கரடி தன்னை ஒல்லியாக்கி, குண்டாக்கி, மறுபடி ஒல்லியாக்கிப் பார்த்தது. வீட்டில் விழா ஏதும் இல்லாதவர்களும் பொழுது போகாமல் வரிசையில் நின்றார்கள். ஒரு பேனருக்கு ஒரு படம் என்றிருந்த காடு, ஒரு மீசைக்கே நூறு படம் என்று ஆகிவிட்டது.

ஒரு காலை குமுதவல்லி வழக்கம்போல் குளத்தில் பாய்ந்தாள். தண்ணீர் வரவில்லை, சேறு வந்தது. அலகு கண் வரைக்கும் இறங்கி மாட்டிக்கொண்டது.

அந்தச் சேற்றுக்குள் குடியிருந்த வடிவு வாலைப் பிடித்து இழுத்து எடுத்தாள். "ஏ குமுதக்கா, வாசல் வழியா வரமாட்டியா? கூரையைப் பொத்துக்கிட்டுதான் வருவியா?"

"தண்ணி எங்கடி?"

"நீ ஒட்டுற பேனர்ல இருக்கு, போய்ப் பாரு."

நடுவில் மிச்சமிருந்த பள்ளத்தில் மீன்கள் சந்தைக் கூட்டம்போல் நெருக்கியடித்துக் கிடந்தன.

"பேசாம எல்லாத்தையும் அள்ளித் தின்னுட்டுப் போயேன்" என்றாள் வடிவு.

"இன்னிக்குத் தின்னுடுவேன். நாளைக்கு உன்னையா திங்கிறது?"

வடிவு இரண்டடி தள்ளி உட்கார்ந்தாள்.

பசித்த வயிற்றோடு குமுதவல்லி நரியிடம் போனாள். நரி பதறவில்லை. "இயற்கை மேல எங்களுக்கு இல்லாத அக்கறையா? செலவான தண்ணிக்கு ஈடா, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு காட்டையே உண்டாக்கியிருக்கோம். பாக்குறியா?" என்று பெட்டியைத் தட்டினான். பச்சைப் பசேலென்று ஒரு காடு திரையில் வந்தது. குழாயில் ஒரு மடக்கு இறங்கும் சத்தமும் கேட்டது.

அடுத்து, காட்டுத் தலைவர் யானை மத்தகராஜனிடம் போனாள். கேட்டதும் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"குளம் வத்துதா? நான் இருக்கும்போதா? விட மாட்டேன்! 'குளம் காப்போம்'னு உடனே ஒரு பேனர் போடு!"

தலைவரே நேரில் வந்து பெட்டியின் முன் நின்றார். நிறைந்த குளத்தில் அவர் கம்பீரமாக நிற்பதுபோல் படம் வந்தது.

"தலைவரே, கால் அஞ்சு இருக்கு" என்றாள் குமுதவல்லி.

"இருக்கட்டும், ஸ்திரமாத் தெரியுது. அல்லிப்பூதான் பத்தல."

"நிச்சயமாக! அருமையான யோசனை!" என்றது பெட்டி.

"பக்கத்துல சிங்கம் நின்னு கும்பிடட்டும்... சிங்கம் கொஞ்சம் குள்ளமா... இன்னும் குள்ளமா..."

படத்துக் குளம் நிறைய நிறைய, பக்கத்துக் குளம் இறங்கியது. பேனரைக் குளத்தங்கரையிலேயே கட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் 'குளம் காப்போம்' பேனர் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

அன்று குமுதவல்லிக்குத் தூக்கம் வரவில்லை. பசி. பசித்தவருக்கு யோசனை நன்றாக ஓடும். இத்தனை காலமும் இதே மான், இதே கரடி, இதே ஆசைகள்தான். அந்த ஆசைகளை யார் தடுத்து வைத்திருந்தது? அவளுடைய ஓவியமா? இல்லை. பெட்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது, முறைக்க மட்டும் தெரியவில்லை.

விடிந்ததும் போய்ப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "இனிமே பெட்டிகிட்ட யாரும் நேராப் பேசக் கூடாது. எங்கிட்ட சொல்லுங்க, நான் சொல்லிக்கிறேன்."

யாரும் மறுக்கவில்லை. நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்தால்தான் அது முறையான இடம் என்று அவர்களுக்குப் பட்டது. சம்பளமில்லாமல் மேலாளர் கிடைத்ததே என்று நரிக்கும் மகிழ்ச்சி.

"அக்கா, இந்தப் புள்ளியை மட்டும்..." என்றது மான்.

குமுதவல்லி தலையை மெதுவாகத் திருப்பினாள். பார்த்தாள்.

"...அங்கேயே இருக்கட்டும்க்கா."

கரடி வந்தது. "என்னைக் கொஞ்சம் ஒல்லியா..."

பார்த்தாள்.

"குண்டாவே இருந்துட்டுப் போறேன்."

நாளுக்கு நாள் வரிசை கரைந்துகொண்டே வந்தது. கடைசியில் தலைவரே வந்துவிட்டார். சிங்கம் இன்னும் கொஞ்சம் குள்ளமாக வேண்டுமாம். குமுதவல்லி பார்த்தாள். தலைவர் அசையவில்லை.

"என்ன பார்வை? நான் தலைவர்."

"தலைவரே, பேனர் கட்டி இத்தனை நாளாச்சு. காட்டுல ஒருத்தராவது 'அஞ்சாவது கால் எங்கிருந்து வந்துச்சு'ன்னு கேட்டாங்களா?"

தலைவர் யோசித்தார். "கேக்கல."

"பாத்தாத்தானே கேப்பாங்க? வந்தவங்க எல்லாரும் ஓரத்துல அவங்கவங்க மூஞ்சி இருக்கான்னு பாத்துட்டுப் போயிட்டாங்க. உங்க சிங்கம் குட்டையா நெட்டையான்னு யாருக்குத் தெரியும்?"

தலைவரின் காதுகள் ஆடுவது நின்றது. "சிங்கம் அந்த உயரமே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

பிறகு மழை வந்தது. குழாய் பெரும்பாலும் சும்மா கிடந்ததால், வந்த தண்ணீர் குளத்தில் தங்கியது. வியாபாரம் படுத்துவிட்ட நரி, மலைக்கு அந்தப் பக்கம் சொல்லியனுப்பி முறைக்கிற பெட்டி ஒன்றை வரவழைத்தான். அது, "இப்போது முறைக்கட்டுமா?" என்று அனுமதி கேட்டுவிட்டு முறைத்தது. யாரும் பயப்படவில்லை.

ஆண்டு விழாவில், மலைக்கு அந்தப் பக்கம் காட்டை உண்டாக்கியதற்காக நரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குமுதவல்லிக்கு மரியாதை தெரியவில்லை என்று கண்டனத் தீர்மானம் போட்டார்கள். அவள் விழாவுக்குப் போகவில்லை. குளத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தாள்.

உண்மை தெரிந்தவை மீன்கள்தான். அவை கூடிப் பேசி, நன்றி தெரிவிக்கக் கொழுத்த கெண்டை ஒன்றை மேலே அனுப்பின.

"அம்மா, நீங்க இல்லைன்னா எங்க குலமே அழிஞ்சிருக்கும். இந்தக் குளத்துல இருக்கிற ஒவ்வொரு குஞ்சும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு" என்று தண்ணீர் மட்டத்துக்கு வந்து தழுதழுத்தது கெண்டை.

குமுதவல்லி முறைக்கவில்லை. குறுக்கே பேசவும் இல்லை. கடைசிச் சொல் வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு விழுங்கினாள்.

நீதி: குணம் கெட்டவர் ஒருவராவது இருந்தால் குளம் கெடாது. அவருக்கு நன்றி சொல்வதாக இருந்தால் மட்டும், கொஞ்சம் ஆழத்தில் இருந்தபடியே சொல்லவும்.