வண்டிக்கு நெற்றி எது?

ராகேஷ் சார் வர இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. வண்டியோ நகரவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பெரிய வண்டி ஒன்றுமில்லை, செருப்புப் பெட்டி அளவுதான். முன்னால் ஒரு கேமரா, உள்ளே ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். ரிமோட்டில் ஓட்டிக் காட்டினால் பார்த்துக் கற்றுக்கொண்டு பிறகு தானே ஓடும். எலெக்ட்ரானிக் சிட்டி கம்பெனி ஒன்று அல்சூர் பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கொடுத்தது. இன்றைக்கு அந்தக் கம்பெனியின் ராகேஷ் சார் முன்னால் அது சிவப்பு அட்டையைக் கண்டால் நின்று, பச்சை அட்டையைக் கண்டால் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் வண்டியும் அதற்கான பயிற்சி வகுப்பும் வைட்ஃபீல்டில் லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டும் பிள்ளைகளுக்குப் போய்விடும். அதை நினைத்தாலே பத்தாம் வகுப்பு சங்கமித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"லீவுக்கு முன்னாடி நல்லாத்தானே ஓடுச்சு?"

"சார்ஜ் ஃபுல்லா இருக்குடி" என்றாள் தோழி மமதா.

"அப்ப மறந்திருக்கும். திரும்பக் கத்துக்குடுப்போம்."

கொளுத்தும் வெயிலில் முப்பது சுற்று ஓட்டிக் காட்டினாள். வண்டி கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் சிவப்பு அட்டையை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது.

"எங்கப்பா ஆட்டோ மாதிரியே போகுதுடி!" என்று மமதா பூரித்தாள். பிறகு, "கண்ணாடியெல்லாம் ஒரே மண்ணு. தொடச்சா சரியாயிடும்" என்று துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள். வண்டி மறுபடி கல்லாக நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து ராகேஷ் வந்தார், கம்பெனியின் சிவப்பு டி-ஷர்ட்டில். பின்னால் டிரைவர் கிருஷ்ணப்பா.

"எங்க, ஓட்டுங்க பாக்கலாம்" என்று வண்டியின் எதிரே குனிந்தார்.

வண்டி அவர் மேல் பாய்ந்தது. அவர் விலகினார், அதுவும் திரும்பியது. இருவருமாகக் கொடிக்கம்பத்தை மூன்று முறை வலம் வந்தார்கள். சங்கமித்ரா பாய்ந்து அமுக்கி அதன் சுவிட்சை அணைத்தாள். அப்போதுதான் மமதாவின் துப்பட்டாவைப் பார்த்தாள். குங்குமம்.

"ஏய், இதுக்குப் பொட்டு வெச்சியா?"

"ஆயுத பூஜைக்கு எல்லா வண்டிக்கும்தானே வெச்சாங்க? இத மட்டும் விட்டா பாவம் இல்லையா? நெத்தி எதுன்னு தெரியல. கண்ணாடி வட்டமா இருந்துச்சு, அங்கயே வெச்சேன்."

சங்கமித்ரா ராகேஷிடம் திரும்பினாள். "சார், கேமரால குங்குமம். பாத்ததெல்லாம் சிவப்பாத் தெரிஞ்சுது, நின்னுடுச்சு. அதோடயே நான் ஓட்டிக் காட்டினேன், சிவப்புன்னா ஓடணும்னு கத்துக்கிச்சு. தொடச்சதும் நின்னுது, உங்க சிவப்பு டி-ஷர்ட்டப் பாத்ததும் பாய்ஞ்சுது. வண்டி மேல தப்பில்ல."

"சாக்கு சொல்லாதம்மா. இந்த டெக்னாலஜி எல்லாம் உங்களுக்கு ஒத்துவராது. கிருஷ்ணப்பா, இதத் தூக்கி டிக்கில வை."

சங்கமித்ரா வண்டியை மார்போடு சேர்த்துக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் விட மனமில்லை.

"தர மாட்டேன் சார். எது கெட்டுதுன்னு கண்டுபிடிச்சது நாங்க. சரி பண்ணப்போறதும் நாங்கதான். வேணும்னா என்னையும் சேத்து ஏத்துங்க."

ராகேஷ் வாயைத் திறப்பதற்குள் அவர் செல்போன் அடித்தது. எடுத்ததும் கத்தினார்.

"இன்னும் நிக்குதா? ஆறு இஞ்ஜினியருங்க பத்து நாளா பாக்கறீங்க, தானா ஓடற டெஸ்ட் கார் ஷெட்ட விட்டு ஒரு அடி நகரல! என்னதான்யா ஆச்சு அதுக்கு?"

கிருஷ்ணப்பா வண்டியைத் தொடவில்லை. தலையைச் சொறிந்தபடி மெதுவாகச் சொன்னார்:

"சார், ஆயுத பூஜையன்னிக்கு அந்தக் காருக்குப் பொட்டு வெச்சது நான்தான். பாப்பாவக் கையோட கூட்டிட்டுப் போயிடலாமா?"