இரண்டு அறைத் தொட்டியும் ஓர் அனுமதிக் கடிதமும்

நான் சொல்லப்போவது அத்தனையும் நடந்தது. இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கிற இரண்டு பல்லும் இந்தக் காப்பித் தம்ளரிலேயே விழட்டும். பார்த்தீர்களா, விழவில்லை. மேலே கேளுங்கள்.

ஒரு காட்டில் ஒரு சட்டம் இருந்தது. காரணம் இல்லாமல் யாரும் யாரையும் தின்னக் கூடாது. பசி ஒரு காரணமாகாது. அது எல்லோருக்கும்தான் இருக்கிறது என்று ஆணையிலேயே எழுதியிருந்தது. தின்ன விரும்புகிறவர் படிவம் நிரப்பித் தாசில்தார் கரடியிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். காரணங்கள் அச்சடித்தே இருக்கும், டிக் போட்டால் போதும். முதல் காரணம், ‘என் தண்ணீரைக் கலக்கினார்.’ முக்கால்வாசிப் பேர் அதோடு நின்றுவிடுவார்கள். கீழே படிக்க யாருக்குப் பொறுமை?

சங்கிலி என்ற ஓநாய்க்குச் செவ்வந்தி என்ற புள்ளிமான்மேல் இரண்டு வருடமாகக் கண். செவ்வந்தி விவரமானவள். சங்கிலி தண்ணீர் குடிக்கிற ஓடைப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. ஆனாலும் படிவம் சங்கிலியிடம் தயாராக இருந்தது. அவள் பெயர், தகப்பன் பெயர், அங்க அடையாளம் (புள்ளிகள்) எல்லாம் எழுதி, டிக்கும் போட்டாயிற்று. தண்ணீர் கலங்குவதுதான் பாக்கி.

அந்த நேரம் பார்த்துக் காட்டுப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. கொக்கு டீச்சர் வருகைப் பதிவேட்டு வரிசைப்படி பிள்ளைகளை ஜோடி சேர்த்தார். பதினோராம் நம்பர் சங்கிலியின் குட்டி. பன்னிரண்டாம் நம்பர் செவ்வந்தியின் குட்டி. அவர்களுக்கு வந்த புராஜெக்ட், அக்ரிலிக்கில் ஒரு தண்ணீர்த் தொட்டி. நடுவில் தடுப்பு. ஒரு பக்கம் சிவப்புத் தண்ணீர், மறுபக்கம் வெறும் தண்ணீர். ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

“கலந்துட்டா?” என்று செவ்வந்தி கேட்டாள்.

“மார்க் போகும்.”

மார்க் மட்டுமா போகும்?

“ஜோடியை மாத்த முடியாதா டீச்சர்?”

“பதிவேட்டுல மையால எழுதியாச்சும்மா. புராஜெக்ட் கொண்டுவரலைன்னா உன் குட்டி அடுத்த வருசமும் இதே கிளாஸ்தான்.”

பள்ளிக்கூட புராஜெக்ட் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை அதன்மேல் தன் பெயரை எழுதும், மீதியைப் பெற்றவர்கள் செய்வார்கள். காட்டிலும் அதே வழக்கம்தான். ஆகவே சங்கிலியின் குகை வாசலில் மானும் ஓநாயும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். செவ்வந்தி குளம்பால் அக்ரிலிக் ஷீட்டைக் கீறிப் பாறை விளிம்பில் வைத்துப் படக்கென்று ஒடித்தாள். துண்டுகள் நூல் பிடித்ததுபோல் வந்தன. ஒட்டுவதில்தான் சிக்கல். சிலிக்கான் பசைத் துப்பாக்கியை அமுக்க விரல் வேண்டும்; குளம்புக்கு அது படியவில்லை.

“நீ தள்ளிக்க தங்கச்சி. ஒட்டுறது அண்ணன் பொறுப்பு.”

“நடுத் தடுப்பை மட்டும் கொஞ்சம் பாத்து ஒட்டுங்கண்ணே.”

“என்னை நம்பலையா நீ?”

“நம்பாமயா உங்க வாய்க்கு முன்னால இவ்வளவு நேரம் உக்காந்திருக்கேன்?”

பசை ஒரு முழு நாள் காய வேண்டும் என்று டியூபில் போட்டிருந்தது. காயவிட்டார்கள்.

கண்காட்சி அன்று காலை எட்டரைக்குத் தொட்டியைப் பள்ளி மைதானத்தில் மேசைமேல் வைத்தார்கள். வெயில் அதன் ஊடே அடித்தது. செவ்வந்தி குனிந்து பார்த்தாள். தடுப்பின் அடியில், பசையில், ஒரு முள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பசை விட்டுப்போன ஓட்டை அல்ல. நகத்தால் போட்ட ஓட்டை.

அடைத்தால் காய ஒரு நாள் ஆகும். கண்காட்சியைத் திறந்துவைக்கத் தாசில்தார் வர ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. புராஜெக்டைத் தூக்கிக்கொண்டு ஓடினால் குட்டியின் வருடம் போகும். நின்றால் தாயே போவாள்.

அவள் தன் பக்கத்தில் நாலு விரல் உயரத்துக்கு மட்டும் வெறும் தண்ணீர் ஊற்றினாள். சங்கிலி செம்பருத்திப் பூ ஊறிய சிவப்புத் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தான். ஓட்டை இருந்தால் மான் தண்ணீர்தான் தன் பக்கம் வரும் என்பது அவன் கணக்கு. காட்டில் எதுவும் அவன் பக்கம்தான் வந்திருக்கிறது. வேறு அனுபவம் அவனுக்கு இல்லை.

“என்னண்ணே, நீங்களும் நாலு விரலோட நிறுத்திட்டீங்க?” என்றாள் செவ்வந்தி. “மானுக்கும் ஓநாய்க்கும் ஒரே அளவுன்னு நாலு பேர் பேச மாட்டாங்களா?”

சங்கிலி விளிம்பு தளும்ப ஊற்றினான்.

“அப்பா,” என்றது அவன் குட்டி, “தண்ணி உசரத்துல இருந்து பள்ளத்துக்குத்தான்…”

“பெரியவங்க புராஜெக்ட் செய்யும்போது குறுக்க பேசாதடா!”

பத்து மணிக்குக் கரடி மாலையும் கழுத்துமாக வந்தார். சங்கிலி தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படிவத்தை நீட்டினான்.

“ஐயா, என் தண்ணியைக் கலக்கிட்டா. ஒரு கையெழுத்து.”

கரடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டியைப் பார்த்தார். மான் பக்கத்துத் தண்ணீர் முழுக்க ரோஸ் நிறமாகியிருந்தது. ஓநாய் பக்கம் சிவப்பு சிவப்பாகவே இருந்தது, ஒரு விரல் மட்டும் இறங்கி.

“கலங்கினது யார் தண்ணி?”

“என்னுதுங்கய்யா,” என்றாள் செவ்வந்தி.

“கலக்கினது?”

சங்கிலி அப்போதுதான் தொட்டியைத் திரும்பிப் பார்த்தான். கரடி படிவத்தை ஒரு வரி விடாமல் வாசித்தார்.

“எல்லாம் சரியா நிரப்பியிருக்கு. பேர்தான் இடம் மாறிக் கிடக்கு.” இரண்டு பெயரையும் அடித்து, மாற்றி எழுதினார்.

“ஐயா, நான் வேற படிவம் வாங்கி…”

“படிவம் தட்டுப்பாடுய்யா,” என்று முத்திரையை நச்சென்று குத்தினார். ‘புள்ளிமான் செவ்வந்தி, ஓநாய் சங்கிலியைத் தின்னலாம்.’

“ஐயா, நான் புல்லுதானே திங்கறேன்?”

“அது உன் வயித்து விசயம்மா. அனுமதி கொடுக்கறதோட என் வேலை முடிஞ்சுது.”

“எத்தனை நாளைக்குள்ள திங்கணும்?”

கரடி தாளைத் திருப்பிப் பார்த்தார். “தேதி போட இடமே விடலையே.”

தொட்டி ஒழுகியதற்காகக் கொக்கு டீச்சர் மூன்று மார்க் குறைத்துப் பத்துக்கு ஏழு போட்டார். இரண்டு குட்டிகளும் பாஸ்.

செவ்வந்தி அந்தத் தாளை லேமினேட் செய்து கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து ஓடையில் அவள் நன்றாக நடுவில் இறங்கித்தான் தண்ணீர் குடிக்கிறாள். சிறுத்தை எதுவும் வந்துவிடாமல் கரையில் சங்கிலி காவல் நிற்கிறான். தினமும் ஒரு தடவை, ரொம்பப் பணிவாகக் கேட்கிறான்.

“தங்கச்சி, அந்தக் காரியம்… எப்பன்னு உத்தேசம்?”

“இன்னும் பசிக்கலண்ணே. பசிச்சா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லி அனுப்புவேன்.”

ஆள் பாதியாக இளைத்துவிட்டான். கறி குறைந்தால் அவள் மனம் மாறலாம் என்று ஒரு நம்பிக்கை.

நீதி: புல் தின்பவராகவே இருந்தாலும், கறி தின்ன ஓர் அனுமதிக் கடிதம் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொள்க.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். படிவத்தைத் திருத்தி அச்சடித்திருக்கிறார்களாம். ‘என்னைப் பற்றிக் கதை சொன்னார்’ என்று ஒரு காரணம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.